அடிபட்டவன் கையில் ஒரு கேமரா

விடுதிப் பையன்களோடு உட்கார்ந்து ஒரு மடிக்கணினியில் ‘குரோனிக்கிள்’ படத்தைப் பார்த்து முடித்தபோது இரவு மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. எல்லோரும் எழுந்து போன பிறகும் ஒருத்தன் மட்டும் போகவில்லை. இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். “அண்ணே, அந்தப் பையன் திருப்பி அடிச்சதுல என்ன தப்பு? எதுக்கு அவனைக் கொன்னாங்க?” என்று கேட்டான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அவனுக்கு நான் பட்ட கடன்.

அமெரிக்கச் சூப்பர் ஹீரோ படங்களில் நமக்கென்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். நம்ம பிள்ளைகள் அதைத்தான் பார்க்கிறார்கள் என்பது ஒரு பதில். இன்னொன்றும் உண்டு. பலம் யாரிடம் இருக்கலாம், யாரிடம் இருக்கக் கூடாது என்பதுதான் இந்தப் படங்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிற கதை. இந்தக் கதையோடு நமக்குப் பழைய கணக்கு இருக்கிறது.

வழக்கமான சூப்பர் ஹீரோ படத்தில் கேமராவுக்குச் சொந்தக்காரன் கிடையாது. அது கடவுளின் கண்போல எங்கும் இருக்கும், எல்லாவற்றையும் பார்க்கும். ‘யார் பார்க்கிறது?’ என்று நாம் கேட்பதேயில்லை. கேட்கவிடாமல் வைத்திருப்பதுதான் அந்தக் கண்ணின் அதிகாரம். ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ என்கிற பாணி இதை உடைக்கிறது. கதைக்குள் இருக்கிற ஒரு ஆளே எடுத்தது, பிறகு யார் கையிலோ கிடைத்தது என்பதுபோலப் படம் முழுவதும் ஓடும். 1999இல் வந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ இந்தப் பாணியை உலகம் முழுக்கப் பரப்பியது. பேய்ப் படங்களுக்கே பழகிப்போன இந்த உத்தியைச் சூப்பர் ஹீரோ கதைக்குக் கொண்டுவந்த படங்களில் முக்கியமானது ‘குரோனிக்கிள்’. ஜோஷ் டிராங்க் இயக்கிய முதல் படம். 2012இல் வந்தது. சுமார் 1.2 கோடி டாலரில் எடுத்து 12 கோடி டாலருக்கு மேல் வசூலித்தார்கள்.

ஆண்ட்ரூ என்கிற பள்ளிக்கூடப் பையன். சியாட்டில் நகரத்தில் வீடு. அம்மா சாகக் கிடக்கிறாள். அப்பா தீயணைப்புத் துறையில் வேலை பார்த்துக் காயப்பட்டு வீட்டோடு கிடப்பவர், குடிகாரர். முதல் காட்சியில் பூட்டிய அறைக்குள் கண்ணாடியைப் பார்த்தபடி கேமரா இருக்கிறது. வெளியே அப்பா கதவை இடிக்கிறார். இனிமேல் நடக்கிற எல்லாவற்றையும் படமெடுக்கப் போகிறேன் என்கிறான் பையன். அந்தக் கேமரா அவனுக்கு விளையாட்டுப் பொருள் அல்ல, சாட்சி. அடிக்கிறவனைப் பார்த்து, ‘இது பதிவாகிக்கிட்டிருக்கு’ என்று சொல்வதைத் தவிர வேறு ஆயுதம் அவனிடம் இல்லை. தன்வரலாறு எழுத உட்காருகிற நம் எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் இந்தக் காட்சி புரியும்.

ஆண்ட்ரூவுக்கும் அவன் உறவுக்காரன் மாட்டுக்கும் ஸ்டீவ் என்கிற கறுப்பினப் பையனுக்கும் ஒரு குழிக்குள் கிடக்கும் ஏதோவொன்றால், தொடாமலேயே பொருள்களை அசைக்கும் சக்தி வந்துவிடுகிறது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதுவரை படம் நடுங்கிக்கொண்டே இருந்தது. பிடித்திருந்த கையின் நடுக்கம் அது, ஒரு உடம்பின் நடுக்கம். சக்தி வந்தபின் ஆண்ட்ரூ கேமராவை மனத்தாலேயே மிதக்கவிடக் கற்றுக்கொள்கிறான். நடுக்கம் நின்றுவிடுகிறது. கேமரா மேலே ஏறி, கீழே இருக்கிற எல்லோரையும் வழுக்கலாகப் பார்க்கத் தொடங்குகிறது. பலம் வந்ததும் அடிபட்டவனின் கண், ஆண்டவனின் கண்ணாக மாறிவிடுகிறது. அழகுக்காகச் செய்தார்களோ, வசதிக்காகச் செய்தார்களோ, படத்தின் அரசியல் முழுக்க இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

பேட்மேன் பணக்காரன், அயர்ன்மேன் ஆயுத முதலாளி. அவர்கள் கோபப்பட்டால் அது நீதி. ஆண்ட்ரூவுக்கு அம்மாவின் மருந்து வாங்கக் காசில்லை. அப்பாவின் பழைய தீயணைப்புச் சீருடையை மாட்டிக்கொண்டு வழிப்பறிக்குக் கிளம்புகிறான். அந்தப் படத்தில் அவன் உடுத்துகிற ஒரே சூப்பர் ஹீரோ உடுப்பு அதுதான்! உழைத்து உடம்பு கெட்ட ஒருவனின் சீருடை. ஊரைக் காப்பாற்ற அப்பன் போட்ட உடுப்பில் பிள்ளை மருந்துக்காகத் திருடுகிறான். இந்தக் காட்சிக்காகவே இந்தப் படத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆனால் படம் அவனுக்கு என்ன மொழியைக் கொடுக்கிறது? தன்னைக் கேலி செய்தவனின் பற்களைப் பிடுங்கி எடுத்தபின் கேமராவைப் பார்த்துப் பேசுகிறான். தான் உச்சியில் இருக்கும் வேட்டை விலங்காம். ஈயை நசுக்கினால் மனிதன் குற்ற உணர்ச்சி கொள்வதில்லையே என்கிறான். இது யாருடைய பேச்சு? அடித்தவனின் பேச்சு. மேல் கீழ் என்று உலகத்தை அடுக்கிவைத்தவனின் தத்துவம். அடிபட்டவன் வாயில் இதைத் திணித்துவிட்டால், அவன் கோபத்தின் காரணங்கள் எல்லாம் அழிந்துபோகும். மிருகம் மட்டும் மிஞ்சும். அதன்பிறகு போலீஸ் கேமரா, கடைகளில் தொங்கும் கேமரா, வேடிக்கை பார்க்கிறவன் செல்போன் என்று பார்வை கை மாறுகிறது. தன் கதையைத் தானே சொல்ல ஆரம்பித்தவன், அரசின் கண்காணிப்புப் படத்தில் ஒரு குற்றவாளியாகச் செத்துப்போகிறான். கொன்றவன் மாட். படத்தின் முதலில் ஷோப்பன்ஹவர் பேசிய நல்ல பிள்ளை. கோபமாக இருக்கும்போது சக்தியைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி போட்டவனும் அவனே. கடைசியில் ஆண்ட்ரூவின் கேமராவைத் திபெத்துக்கு எடுத்துப்போய், அதன் முன் நின்று முடிவுரை சொல்பவனும் அவனே. ‘நீ அழு, நாங்கள் கேட்கிறோம், நீ கோபப்பட்டால் உன் கதையை நாங்கள் முடித்துவைக்கிறோம்’ — இந்தக் குரலைத் தமிழ் இலக்கியக் கூட்டங்களிலும் நாம் கேட்டிருக்கிறோம்.

ஸ்டீவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நானும் அதே தப்பைச் செய்கிறவனாவேன். மூன்று பேரில் பெருந்தன்மையானவன் அவன்தான். தனியனான ஆண்ட்ரூவைப் பள்ளி முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவன். மழையிலும் இடியிலும் அவனைத் தேடி வானத்துக்கே போய்ச் சமாதானம் பேசுகிறான். மின்னல் தாக்கிச் சாகிறான். வெள்ளைக்காரப் பையனின் துயரத்தை ஆழப்படுத்த ஒரு கறுப்பு உடல் பலியாக வேண்டியிருக்கிறது. ஸ்டீவின் வீடு எப்படி இருக்கும், அவனுக்கென்று ஒரு கேமரா இருந்திருந்தால் எதைப் படமெடுத்திருப்பான் என்று படத்துக்குக் கேட்கத் தோன்றவேயில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் வெளியே இருந்து வந்தது. ஸ்டீவாக நடித்த மைக்கேல் பி. ஜோர்டான், 2013இல் ரயன் கூக்ளரின் ‘ஃப்ரூட்வேல் ஸ்டேஷன்’ படத்தில் ஆஸ்கர் கிராண்டாக நடித்தார். 2009 ஜனவரி 1 அன்று ஓக்லண்ட் ரயில் நிலையத்தில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்ற 22 வயதுக் கறுப்பு இளைஞர் ஆஸ்கர் கிராண்ட். நடைமேடையில் நின்றவர்கள் செல்போனில் எடுத்த உண்மைக் காட்சியோடுதான் அந்தப் படம் தொடங்குகிறது. உண்மையில் கிடைத்த படச்சுருள் இது. இதில் யாருக்கும் பறக்கும் சக்தி இல்லை. எதிரில் நின்றவர்களின் கை நடுங்குகிறது, அவ்வளவுதான். 2018இல் அதே கூக்ளர் ‘பிளாக் பேந்தர்’ எடுத்தபோது, ஓக்லண்டில் வளர்ந்த கோபக்காரன் கில்மாங்கராக ஜோர்டான் வந்தார். அங்கேயும் கோபக்காரன் சாக வேண்டியிருக்கிறது. அவன் செத்தபிறகு அரசன் ஓக்லண்டுக்கு உதவி செய்யப் போகிறான்.

படம் இருந்தால் போதும், நீதி கிடைத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். 1991 மார்ச் 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ராட்னி கிங்கைப் போலீஸ்காரர்கள் அடித்ததை ஒருவர் தன் வீட்டிலிருந்து வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. 1992 ஏப்ரல் 29 அன்று நான்கு போலீஸ்காரர்களுக்கும் தாக்குதல் குற்றத்திலிருந்து விடுதலை கிடைத்தது. ஒரேயொரு பிரிவில் ஒருவர்மீது மட்டும் நடுவர்களால் முடிவுக்கு வர முடியவில்லை. வழக்கறிஞர்கள் அதே வீடியோவை நிறுத்தி நிறுத்தி, துண்டு துண்டாக ஓட்டிக்காட்டி, அடி வாங்கியவனே ஆபத்தானவன் என்று நடுவர்களை நம்பவைத்தார்கள். ஆஸ்கர் கிராண்டைச் சுட்டவருக்கும் 2 ஆண்டுதான் தண்டனை. படம் தானாகப் பேசாது. யார் அதைப் பேசவைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதைப் படமெடுத்துப் பரப்பியதும் அடித்தவர்கள் தரப்புதான். பெருமைக்காக எடுத்தது, பார்த்தவன் பயந்து நடுங்கட்டும் என்று எடுத்தது. ஆனால் என்ன நடந்தது? நம் மக்கள் அந்தப் படத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். செத்த மாடுகளைக் கொண்டுபோய் அரசு அலுவலகத்தின் முன் போட்டார்கள். அகமதாபாத்திலிருந்து ஊனாவுக்கு நடந்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று ஆயிரக்கணக்கில் கூடி, இனி செத்த மாட்டைத் தூக்கமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். காட்சி மாறவில்லை, அதைப் பிடித்திருந்த கை மாறியது. அதுவும் ஒரு கை அல்ல, ஆயிரம் கைகள்.

தம்பி, இப்போது உனக்குப் பதில் சொல்கிறேன். திருப்பி அடிச்சது தப்பில்லை. அடிச்சவனோட தத்துவத்தையே எடுத்துக்கிட்டதுதான் தப்பு. அந்தத் தப்பும் ஆண்ட்ரூவுடையது மட்டுமல்ல, அவனை எழுதியவர்களுடையது. அவனுக்கு அப்பனைக் கொடுத்தார்கள், பகைவனைக் கொடுத்தார்கள், சக்தியைக் கொடுத்தார்கள். ஒரு சங்கத்தை மட்டும் கொடுக்கவில்லை. கிடைத்த ஒரே தோழனையும் பாதியிலேயே மின்னலுக்குக் கொடுத்துவிட்டார்கள். தனியாளாக நின்ற கோபம் மிருகமாகத்தான் முடியும் என்று காட்டுவது அவர்களுக்கு வசதி.

உன்னிடமும் இப்போது கேமரா இருக்கிறது, சட்டைப் பையிலேயே இருக்கிறது. எடு. கை நடுங்கினால் நடுங்கட்டும், அது உன் கைதான் என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆனால் எடுத்ததைத் தனியாக உட்கார்ந்து பார்க்காதே. நாலு பேரைக் கூப்பிடு.