அளவீட்டின் பயனும் எல்லையும்: ஈமாக்ஸ் சொல்நிறைவில் தாமதம்

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனு ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பான், பயனர் தமக்கு வேண்டிய கட்டளைகளை லிஸ்ப் மொழியில் தாமே எழுதிச் சேர்க்க இடந்தருகிறது. சில எழுத்துகளைத் தட்டியதும் பொருந்தும் சொற்களைப் பட்டியலிடும் சொல்நிறைவுக் கட்டளை அவ்வாறு எழுதப்படுவனவற்றுள் ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் வழங்கும் வெட் புளூ (குரோமில் பதனிட்ட ஈரத்தோல்), கிரஸ்ட், அப்பர், இன்சோல் முதலான சொற்களை, ஒவ்வொன்றின் அருகிலும் தமிழ் விளக்கம் தோன்றும்படி காட்டும் கட்டளையொன்றை எண்ணிக்கொண்டால், அதன் பட்டியல் தயங்கி விரியும்போது ஐயம் முதலில் தேடலின்மேல் விழும். ஆனால் சில ஆயிரம் சொற்களைத் தேடுவது இன்றைய கணினிக்குச் சுமையே அன்று.

ஊகத்தை விட்டு அளந்தறியும் வழக்கத்தின் வலிமை இங்குதான் புலப்படுகிறது. எந்தச் செயற்கூறு எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை மாதிரியெடுத்துக் காட்டும் புரொஃபைலர், 2013இல் வந்த 24.3ஆம் பதிப்பிலிருந்து ஈமாக்ஸிலேயே உள்ளது. விளக்கம் தரும் செயற்கூறு ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதிக் கோப்பை மீண்டும் திறந்து படிக்கிறதென்றால், அதன் அறிக்கை அதைத் தயங்காமல் சுட்டிவிடும். இயல்பான பட்டியல் சாளரம் காட்டப்படும் எல்லாச் சொற்களுக்கும் அச்செயற்கூற்றை அழைப்பதால், சிறு பிழையும் பன்மடங்காகப் பெருகும்.

எனினும் திரையில் வரையும் வேலை அவ்வறிக்கையில் பெரும்பாலும் ஒரே வரியாகத் திரண்டுவிடுகிறது. தமிழுக்கு இக்குறை சிறிதன்று. 'கொ' என்பதில் ககரமும் அதன் பின் உயிர்க்குறியும் என இரு குறியீடுகளே சேமிக்கப்பட்டாலும், திரையில் ககரத்தின் இருபுறமும் வடிவங்கள் எழ வேண்டும்; 2020இல் வந்த 27ஆம் பதிப்பு முதல் இதற்கு ஹார்ஃப்பஸ் நூலகம் துணைசெய்கிறது. ஒருமுறை அமைத்த வடிவங்களை ஈமாக்ஸ் நினைவில் இருத்துவதால், முதற்காட்சி மட்டும் தாமதித்துப் பின்னர் விரைவது எழுத்துருப் பக்கத்தையும், ஒவ்வொரு தட்டலிலும் தாமதிப்பது கட்டளையின் பக்கத்தையும் ஐயுறத் தூண்டும்.

தாமதம் கண்டவுடன் குப்பை சேகரிப்பின், அதாவது பயனற்ற நினைவகத்தை மீட்கும் பணியின், வரம்பை உயர்த்துவது பலரின் கைமருந்து. 64-பிட் கணினியில் 8,00,000 பைட்டாக உள்ள அவ்வரம்பை உயர்த்தினால் இடைநிறுத்தங்கள் குறைகின்றன. ஆனால் வரும்போது நீள்கின்றன, மூலக்காரணமும் மறைகிறது. விளக்கங்களைச் சேமித்துவைப்பது இதனினும் நேர்மையான தீர்வு, அகராதி திருத்தப்படும்போது அச்சேமிப்பையும் அழிக்கும் ஏற்பாடு இருக்குமானால். இவ்விரண்டுக்கும் முன்னர், விளக்கங்களை நீக்கி ஒருமுறையும், அதே பட்டியலை இலத்தீன் எழுத்தில் ஒருமுறையும் விரித்துப் பார்ப்பது, புரொஃபைலர் பிரித்துக் காட்டாததைப் பிரித்துக் காட்டும்.