வாசலில் நிற்பவர்

ஆம்பூரில் மாலை ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரு ஷூ கம்பெனி கேட்டைப் பாருங்கள். டிபன் பையோடு பெண்கள் வரிசை வரிசையாக வெளியே வருவார்கள். காவலுக்கு நிற்கும் அக்கா ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பார். ஆனால் முகத்தில் சந்தேகம் துளியும் இருக்காது. "பாப்பாவுக்கு ஜுரம் விட்டுச்சாம்மா?" என்று கேட்பதற்குள் கை சோதனையை முடித்திருக்கும். சோதிக்கப்படுகிறவரின் மானம் குறையாமல் சோதிப்பது எவ்வளவு பெரிய வித்தை!

இந்த வேலைக்குப் படிப்பும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டத்தை ஒட்டி வந்த மத்திய மாதிரி விதிகள், புதியவருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. முன்னாள் ராணுவத்தினருக்கு 40, 16 மணி நேரம் போதும். சூப்பர்வைசர் பதவியிலும் அவர்களுக்குத்தான் முன்னுரிமை. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டை இருக்கிற வேலூர்ப் பக்கம் அதில் குறை சொல்ல மாட்டார்கள்.

எனக்கு மட்டும் ஒரு ஆதங்கம். தோல் லாரி ஓட்டுநர் முதல் தையல் பிரிவுப் பெண் வரை முகம் அறிந்து, வருஷக்கணக்கில் அதே கேட்டில் நிற்கும் அந்த அக்காவுக்கும் சூப்பர்வைசர் நாற்காலி சீக்கிரம் கிடைக்க வேண்டும்.