‘படிச்சா மாறிரும்’: கருக்கும் சிலுவைராஜ் சரித்திரமும்

‘இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா? காலம் மாறிப்போச்சு.’ ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை டீக்கடையிலும் பஸ்ஸிலும் கல்லூரிக் கருத்தரங்கிலும் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வாக்கியத்தைச் சேரிக்குள்ளிருந்து ஒருவர் சொல்லும்போது அதில் ஒரு ஏக்கம் இருக்கிறது. ஊருக்குள்ளிருந்து ஒருவர் சொல்லும்போது, ‘இனி எதுவும் கேட்காதே’ என்கிற உத்தரவு இருக்கிறது. சொற்கள் ஒன்று, வேலை வேறு. மனித குலம் முன்னேறிக்கொண்டே போகிறது என்ற நம்பிக்கையை ஒரு தலித் வாசகன் எப்படி வாசிப்பது? இந்த மண்ணிலிருந்து வந்த இரண்டு பிரதிகளை வைத்து இதைப் பேசலாம்.

முன்னேற்றத்துக்கு எங்கள் பகுதியில் ஏற்கெனவே ஒரு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் பஞ்சாலை தொடங்கினார். அதே ஊர்க்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைமையில் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இலேயே பென்னிங்டன் நூலகம் வந்துவிட்டது. பதினொரு நிலைக் கோபுரமோ தமிழ்நாடு அரசின் முத்திரையிலேயே ஏறிவிட்டது. ஆலை, ஆட்சி, நூலகம், கோபுரம் எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த வரலாற்றில் எங்கள் தெரு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடினால் பக்கம் காலியாக இருக்கிறது.

அந்தக் காலிப் பக்கத்தில் எழுதியவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த ஒரு அண்ணனும் தங்கையும். தங்கை பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அண்ணன் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ பத்து வருஷம் கழித்து 2002இல் வந்தது. இரண்டையும் தனித்தனியாக விமர்சித்தவர்கள் நிறைய. நான் சேர்த்து வாசிக்கச் சொல்கிறேன். ஏனென்றால், முதல் புத்தகத்தில் அண்ணன் கொடுத்த வாக்குறுதிக்கு என்ன ஆயிற்று என்பதை இரண்டாவது புத்தகத்தில் அந்த அண்ணனே சொல்கிறார்.

கருக்கில் வரும் அந்தக் காட்சியை வாசித்தவர்கள் மறக்க முடியாது. மூணாங்கிளாஸ் படிக்கிற சிறுமி. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், கூனிக் குறுகி நாயக்கரிடம் நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்பு. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலத்தைத் தொட்டால் தீட்டு என்பதை விளக்குகிறார். நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரையில் வந்தபோது தன்னிடமும் எந்தத் தெரு என்று கேட்டதைச் சொல்கிறார். பிறகு ஒரு வழியும் சொல்கிறார். நல்லாப் படி, முன்னுக்கு வா, அப்போது அவர்களாகவே உன்னிடம் வந்து ஒட்டிக்கொள்வார்கள் என்பது அதன் சாரம்.

முன்னேற்றம் என்ற பெருங்கதையாடல் எங்கள் வீட்டு நடைக்குள் நுழைகிற இடம் இது. அம்பேத்கரின் பேரிலும் பெரியாரின் பேரிலும் சாமியார் பள்ளிக்கூடத்தின் பேரிலும் இதையேதான் எங்கள் பெற்றோர் எங்களுக்குச் சொன்னார்கள். ‘படிச்சா எல்லாம் மாறிரும்யா.’

சிறுமி படித்தாள், முதலாவதாக வந்தாள், டீச்சர் ஆனாள், பிறகு கன்னியாஸ்திரீயாகவும் ஆனாள். மடத்துக்குள்ளும் சாதி முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. ஏழு வருஷம் கழித்து வெளியே வந்தாள். அவள் படிப்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அவர்களாக வந்து ஒட்டிக்கொள்ளவில்லை.

சிலுவைராஜின் கதை இன்னும் கசப்பு, இன்னும் சிரிப்பு. தன்னையே படர்க்கையில் நிறுத்தி எள்ளி நகையாடுகிற நடை அது. சிலுவை பட்டம் வாங்குகிறான், வேலை கிடைக்கவில்லை. பறையனாகத்தான் நடத்தப்படுகிறான், ஆனால் சர்ட்டிபிகேட்டில் கிறிஸ்தவன். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்ட அந்த ஆணை கிறிஸ்தவ தலித்தை இன்றுவரை சேர்க்கவில்லை. ஆகவே சிலுவை கடைசியில் இந்துவாக மாறுகிறான். தங்கையிடம் ‘படி’ என்று சொன்ன படிப்பு, ஒரு காகிதத்தின் முன்னால் போய் நின்றுவிடுகிறது.

இது பழைய கதை இல்லை. ராஜ் கௌதமன் 2024 நவம்பர் 13 அன்று காலமானார். அதே நவம்பர் கடைசியில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதே செய்யும் மோசடி என்றது. அந்த நீதிபதிகளின் மேஜையில் சிலுவைராஜ் சரித்திரத்தையும் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இங்கே இரண்டு வகை விமர்சகர்களோடு நான் முரண்படுகிறேன். ஒரு வகையினர் கருக்கை ‘வேதனையின் பதிவு’ என்று பாராட்டி ஒரு சொட்டுக் கண்ணீரோடு மூடி வைப்பவர்கள். அவர்களுக்கு எங்கள் வாழ்க்கை எப்போதும் அவலம்தான். கருக்கில் பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டுகளும், திருவிழாவும், வயிறு வலிக்கச் சிரிக்கிற சிரிப்பும் அவர்கள் கண்ணில் படாது. இன்னொரு வகையினர் ‘பாருங்கள், ஒரு தலித் பெண் எழுதி, 2000இல் ஆங்கிலத்துக்கும் போய், விருதும் வாங்கிவிட்டார், இதுதான் முன்னேற்றம்’ என்பவர்கள். இவர்கள் ஒரு ஆளின் உயர்வைக் காட்டி ஒரு தெருவின் கணக்கை முடித்துவிடுகிறார்கள். ‘சங்கதி’யில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற மைக்கண்ணி எந்த விருதின் கணக்கில் வருவாள்?

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? அப்படிச் சொல்வதும் பொய். அந்தப் பொய்யால் லாபம் எங்களுக்கு இல்லை. 2001இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 63 சதவீதம். 2011இல் 73 சதவீதம். பத்து வருஷத்தில் பத்துப் புள்ளி சாதாரணமில்லை. ஆனால் மாநிலத்தின் மொத்த எழுத்தறிவு 2001இலேயே 73ஐத் தொட்டுவிட்டது. 2011இல் அது 80. அதாவது ஊர் பத்து வருஷம் முன்னால் நின்ற இடத்துக்குச் சேரி இப்போதுதான் வந்து சேர்ந்தது. அதற்குள் ஊர் இன்னும் தள்ளிப் போய்விட்டது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. ஒன்றை மட்டும் சொன்னால் விளம்பரம், மற்றதை மட்டும் சொன்னால் ஒப்பாரி.

இன்னொன்று. வந்ததெல்லாம் காலம் கொண்டுவந்து கொடுத்ததில்லை. குமாரசாமி ராஜா ஆட்சியின்போதுதான் வகுப்புவாரி அரசாணையை 1950இல் உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றன. தமிழ்நாடு தெருவில் இறங்கியது. 1951 ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. காலம் தானாகப் போகிற திசையில் போயிருந்தால் இன்று கல்லூரி வாசலில் நாம் இல்லை. 1997இல் விருதுநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். ஒரு தலித் வீரன் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறுவதா என்று ஆதிக்க சாதிகள் கிளம்பின. கலவரம் நடந்தது. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது அரசு. ஒரு பெயரை ஏற்க முடியாததால் எல்லாப் பெயரையும் அழித்த சமத்துவம் அது! பஸ் முன்னால்தான் போகும். அதில் உட்கார்ந்திருக்கும் சமூகமும் முன்னால் போகிறது என்று அர்த்தமில்லை.

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இளையராஜா அர்த்த மண்டபப் படியில் நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்து நாடே பேசியது. அர்ச்சகர்களும் ஜீயர்களும் தவிர வேறு யாரும் உள்ளே போவதில்லை என்றது தரப்பு விளக்கம். தன் சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் இல்லை, வதந்தியை நம்பாதீர்கள் என்ற பொருளில் இளையராஜாவும் மறுத்துவிட்டார். அவர் பேச்சை நான் மதிக்கிறேன், அவருக்குப் பதிலாக நான் அவமானப்பட வேண்டியதில்லை. ஆனால் விளக்கம் ஒரு கேள்வியைத் திறந்துவிட்டது. ‘அர்ச்சகர் தவிர யாரும் போகக் கூடாது’ என்ற விதி எல்லோருக்கும் பொது என்றால், அர்ச்சகர் ஆவதும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் அல்லவா? 1970இல் தமிழ்நாடு அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ஆனால் ஆகமத்தைக் காவலுக்கு நிறுத்தியது. 2006இல் மறுபடி முயற்சி, 2007இல் பயிற்சிப் பள்ளிகள், 2015இல் மறுபடி ஆகமம். 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. 51 வருஷம், 24 பேர். இதுவும் முன்னேற்றம்தான். ஆனால் இது எத்தனை மெதுவான வண்டி, வழியில் எத்தனை பேர் இறங்கி அதைத் தள்ளினார்கள் என்பதைச் சொல்லாமல் ‘காலம் மாறிப்போச்சு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முன்னேற்றத் தத்துவத்தை ஐரோப்பாவில் பெரிதாக எழுதியவர்களில் ஒருவர் காண்டோர்செ. அடிமை முறையை எதிர்த்தவர். மனிதகுலம் முன்னேறும் என்று அவர் எழுதியது நாற்காலியில் சாய்ந்துகொண்டு இல்லை. 1793இல் கைது ஆணைக்குப் பயந்து பாரிசில் ஒளிந்திருந்த அறையில். 1794இல் சிறையில் செத்தார். கருக்கிலும் ஒளிந்திருப்பவர்கள் வருகிறார்கள். போலீசுக்குப் பயந்து ஆண்கள் மறைந்திருக்க, செத்துப்போன மகனைப் பார்க்க ஒரு தகப்பனுக்குச் சேலை கட்டி, முக்காடு போட்டுப் பெண்கள் கூட்டி வருகிறார்கள். கூட்டி வந்த பெண்களிடம் எந்தத் தத்துவமும் இல்லை. இதையும் கடந்துவிடலாம் என்ற ஒரு பிடிவாதம் இருந்தது. நான் நம்பிக்கை என்று சொல்வது அதைத்தான். நாளை நல்லதாக இருக்கும் என்று ஜோசியம் சொல்வது வேறு. நாளைக்கு என்ன செய்யணும் என்று முடிவெடுப்பது வேறு.

அந்த முடிவு நமக்குள்ளும் தேவைப்படுகிறது. பாமாவின் ‘வன்மம்’ (2002) காட்டுகிற பறையர், பள்ளர் பகை மேலே இருந்து தூண்டப்படுவதுதான், ஆனால் கத்தியைப் பிடிப்பது நம் கை. பஞ்சாயத்துத் தேர்தலில் இரண்டு தெருவும் கைகோர்க்கிற இடத்தில்தான் அந்த நாவலின் எதிர்காலம் இருக்கிறது. நாவலாக அது அவசரமாக முடிகிறது என்று குறை சொல்லலாம். அரசியலாக அது இன்னும் நம் ஊர்களில் முடிக்கப்படாத வேலை.

கடைசியாக, நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். அவன் படிக்காத பையன் இல்லை. படித்ததும், தனக்கு நடந்த கொடுமையைப் பள்ளியில் வாய்திறந்து சொன்னதும்தான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. கையில் காயத்தோடு அவன் அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புத் தேறினான். ‘படி, அவர்களாக வருவார்கள்’ என்று இவனிடம் சொல்ல நமக்கு வாய் வருமா?

‘படி’ என்பதை விட முடியாது. கருக்கை எழுத வைத்ததும் அந்தப் படிப்புதான், சிலுவைராஜைச் சிரிக்க வைத்ததும் அதுதான். ஆனால் அண்ணன் சொன்ன வாக்கியத்தின் இரண்டாவது பாதியை மாற்றியாக வேண்டும். அவர்கள் வந்து ஒட்டுவதற்காகப் படிக்க வேண்டாம். எந்தத் தெரு என்று கேட்கிறவனைத் திருப்பிக் கேட்பதற்குப் படி. எந்தக் காகிதம் உன்னைத் தடுக்கிறதோ அதை வாசித்துக் கிழிப்பதற்குப் படி. மாலை நேர டியூஷன் நடத்துகிற தோழர்கள் இந்த இரண்டு புத்தகங்களையும் ஒரே வாரத்தில் பிள்ளைகளோடு வாசித்துப் பாருங்கள். என் வாசிப்பை அவர்கள் மறுத்தால், அந்த மறுப்பை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.