பீப்பாய்க் கணக்கும் போத்தல் கணக்கும்

எண்ணெய் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் கொழும்பிலிருந்து வரும் விளக்கம் ஒன்றேதான்: உலகச் சந்தையில் ஏறிவிட்டது, நாங்கள் என்ன செய்வது? பெற்றோல் செட் வரிசையில் நிற்பவரும் அதையே பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லிவிட்டுக் கானை ஓரடி முன்னே அரக்கி வைப்பார். மழை பெய்யாவிட்டால் யாரைக் கோபிக்கலாம்? அதுபோல, யாருக்கும் பொறுப்பில்லாத காரணம் இது. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் அரை நூற்றாண்டாகப் பட்டதை வைத்து இந்த விளக்கத்தைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கலாம். எவ்வளவு மெய், எவ்வளவு சாட்டு?

முதலில் அதற்குச் சாதகமானதைச் சொல்லிவிட வேண்டும். கச்சா எண்ணெய் உண்மையிலேயே உலகப் பண்டம். பொருளியலாளர் அதை ஒரே குளம் என்பார்கள். எந்தக் கரையில் நின்று அள்ளினாலும் நீர்மட்டம் ஒன்று. அளவு பீப்பாய், அதாவது 159 லீற்றர், பணம் டொலர், விலைக்குப் பிரென்ட், டுபாய் என்று இரண்டு மூன்று அடையாளப் பெயர்கள். இலங்கை தன் மண்ணிலிருந்து ஒரு துளியும் எடுப்பதில்லை. ஆகவே அந்த நீர்மட்டத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ கொழும்புக்கு வல்லமை இல்லை என்பது சரி.

அதற்கு நல்ல சான்று 1973. அரபு நாடுகள் குழாயை இறுக்கியபோது 3 டொலர் அளவில் இருந்த பீப்பாய், 1974 தொடக்கத்தில் 11 டொலரைத் தாண்டியது. துலா மிதித்து இறைத்த கிணறுகளில் மண்ணெண்ணெய் மெசின் ஏறியிருந்த காலம் அது. துலாவுக்கு வேண்டியது ஆள்வலு. மெசினுக்கு வேண்டியது வளைகுடா. உரும்பிராயிலும் கோப்பாயிலும் வெங்காயத்துக்கு நீர் இறைத்தவர், தான் கண்டிராத ஷேக்குகளுக்கு முதல்முறையாகக் கடமைப்பட்டார். ஆனால் அந்த ஆண்டுகளைக் குடாநாட்டு விவசாயி துன்ப காலமாக நினைவுகூர்வதில்லை. மிளகாய், வெங்காய இறக்குமதியைச் சிறிமாவோ அரசு கட்டுப்படுத்தியிருந்தது. விளைச்சலுக்கு அதுவரை காணாத விலை கிடைத்தது. மெசின் குடித்த எண்ணெயின் செலவு அதற்குள் அடங்கிப்போனது. உலக விலை ஏறியதும் உண்மை. அது எவரைக் கடிக்கும், எவரை விட்டுவிடும் என்பதை உள்நாட்டு வர்த்தமானி ஒன்று தீர்மானித்ததும் உண்மை. விசாரணையின் முதல் விரிசல் இங்கே விழுகிறது.

அடுத்த சாட்சி 1990. ஆய்வுகூடத்தில் திட்டமிட்டுச் செய்திருந்தாலும் இவ்வளவு துப்புரவான பரிசோதனை அமைந்திராது. அந்த யூனில் போர் மறுபடி மூண்டது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, சவர்க்காரம் என்று ஒரு நீண்ட பட்டியலுக்கு வடக்கில் பொருளாதாரத் தடை விழுந்தது. ஓகஸ்ட் மாதம் சதாம் ஹுசைன் குவைத்துக்குள் புகுந்தார். யூனில் 16 டொலர் அளவில் இருந்த பீப்பாய் ஒக்ரோபரில் 40ஐத் தொட்டது. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் பல மடங்கு ஏறியபோது இரண்டு காரணமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. பிறகு 1991 யனவரி நடுப்பகுதியில் அமெரிக்க விமானங்கள் பக்தாத்தில் குண்டு போட்டன. ஒரே நாளில் உலக விலையில் மூன்றில் ஒரு பங்கு கழன்று விழுந்தது. பீப்பாய் 20 டொலருக்குத் திரும்பியது.

யாழ்ப்பாணத்துப் போத்தல் திரும்பவில்லை. மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகளாகத் திரும்பவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அடைத்து, சைக்கிள் வால்வுக் குழாயில் நூல்திரி கோத்து எரித்த விளக்கில் ஒரு தலைமுறை க.பொ.த. பரீட்சைக்குப் படித்தது. மோட்டார் சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். போன வழியெல்லாம் புகை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்தச் செய்தியில் பிரென்ட் விலை இறங்கியது வந்திருந்தால், கேட்டவர் சிரித்திருப்பார்.

குளத்தில் நீர்மட்டம் இறங்கியிருந்தது. வாய்க்காலை மறித்தவர்கள் வேறு. போத்தல் விலையில் இருந்தவை சோதனைச்சாவடி, அனுமதிப் பத்திரம், கிளாலிக் கடனீரேரியை இரவில் கடந்த வள்ளம், அந்த வள்ளத்தில் போனவரின் உயிராபத்து. தடை போட்டது அரசு. தப்பி வந்த பொருளுக்கு வரி எடுத்தது புலிகள் இயக்கம். இந்த இரண்டாவதை எழுதும்போது நம்மவர் பேனா தயங்குவது வழக்கம், ஆனால் விலையைப் பகுத்துப் பார்க்கிறவர் அதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எழுதினால் கணக்குப் பொய்த்துவிடும். இந்த இரண்டில் எதற்கும் வளைகுடாவில் வேர் இல்லை.

2006 இதே பாடத்தின் சுருங்கிய பதிப்பு. ஓகஸ்ட் 11ஆம் திகதி குடாநாட்டுக்கான ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டது. பிரென்ட் அந்த மாதம்தான் 78 டொலர் என்ற உச்சத்தைக் கண்டு, ஆண்டு முடிவதற்குள் 60க்கு இறங்கியது. குடாநாட்டில் என்ன நடந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

போர்க்காலத்தைச் சாட்சியாக்குவது நியாயமல்ல, அது விதிவிலக்கு என்று ஒருவர் எதிர்வாதம் வைக்கலாம். சரி, போரில்லாத 2022க்கு வருவோம். இங்கேதான் உலகச் சந்தை என்ற வாதம் மிக உரத்துக் கேட்டது. உக்ரைனில் ரஷ்யப் படை புகுந்த ஆண்டு அல்லவா?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே குளம் என்ற உவமை மேலோட்டமானது. எண்ணெய்க்குச் சாதி உண்டு. ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கு ஒத்தது இன்னொன்றுக்கு ஒவ்வாது. 1969இல் திறந்த சப்புகஸ்கந்த ஆலை ஈரானின் இலகு வகைக்குப் பழகியது. 2012இல் அமெரிக்கத் தடை வந்ததும் அந்த வகையைத் தேடவே முடியாமல் போனது. 2021 நவம்பரில் கச்சா எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் ஆலையையே மூடினார்கள். அந்த மூடலின் வலி யாழ்ப்பாணக் கரையில் தெரிந்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு: மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும் பீப்பாயின் ஒரே பகுதியிலிருந்து பிரிபவை. நாட்டின் மண்ணெண்ணெய் பெரும்பாலும் சப்புகஸ்கந்தவிலேயே வடிந்தது. ஆலை நின்றால் குருநகரிலும் பாசையூரிலும் வெளியிணைப்பு இயந்திரம் நிற்கும். 2022 ஏப்ரல், மே மாதங்களில் ரஷ்யக் கச்சா எண்ணெய் ஏற்றிய கப்பல் ஒன்று கொழும்புக்கு வெளியே ஒரு மாதத்துக்கு மேல் நங்கூரம் போட்டுக் கிடந்தது. உள்ளே 90,000 தொன். எண்ணெய் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது, 7 கோடி சொச்சம் டொலர்தான் இல்லை. இதை உலகச் சந்தையின் தட்டுப்பாடு என்று எந்த அகராதியில் எழுதுவது?

யூனில் இந்தியா 15,000 லீற்றர் மண்ணெண்ணெய் கொடுத்தது. நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு மீனவர் சுமார் 700 பேருக்கு. நன்றியோடு வாங்கினார்கள், வாங்கத்தான் வேண்டும். கணக்கில் அது 94 பீப்பாய். ஆளுக்கு 21 லீற்றர். சப்புகஸ்கந்த ஓடும் நாளொன்றில் 50,000 பீப்பாய் வரை சுத்திகரிக்க வல்லது.

அடுத்து ஓகஸ்ட். 21ஆம் திகதி நள்ளிரவோடு மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. யூனில் 120 டொலரில் நின்ற பிரென்ட் அப்போது 96 அளவுக்கு இறங்கியிருந்தது. பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பீப்பாய் 80 டொலர், டொலர் 203 ரூபாய்: ஒரு லீற்றர் கச்சா எண்ணெய் ஏறத்தாழ 102 ரூபாய். ஓகஸ்டில் 96 டொலர், டொலர் 360 ரூபாய்: 217 ரூபாய். கூடியது 115. ரூபாய் சரியாமல் நின்றிருந்தால் கூடியிருக்கக்கூடியது 20 மட்டும். மீதி 95 ரூபாய் நாணயம் விழுந்ததால் வந்தது. அந்த வீழ்ச்சிக்கு வரிக்குறைப்பு, கடன், காலம் கடந்தும் பிடித்து வைத்திருந்த செயற்கை மாற்று விகிதம் என்று வேறு தாய்தந்தையர் உண்டு.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு டீசல், மண்ணெண்ணெய் வகைகளின் சுத்திகரிப்பு இலாபம் உலகெங்கும் வழக்கத்தைவிட வெகுவாக ஏறியிருந்தது. அதைச் சேர்த்தால் உலகச் சந்தையின் பங்கு 20 ரூபாயில் நிற்காது. மற்றது, 87 ரூபாய் என்பது யனவரியிலேயே மூலப்பொருளின் விலைக்கும் கீழே. அது நியாய விலை அல்ல. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அரச வங்கியில் கடன்பட்டுக் காத்த விலை. மலிவு மண்ணெண்ணெயை டீசலோடு கலந்து ஓட்டியவர்களும் அந்தச் சலுகையைத் தின்றார்கள். 340ஐக் கொடுமை என்பவர், 87 யார் பணத்தில் நின்றது என்றும் கேட்க வேண்டும். பல ஆண்டாக மறைத்த செலவை ஒரே இரவில், கடலுக்குப் போகிறவன் கானில் ஊற்றியதுதான் என் ஆட்சேபம். ஏற்றியது அல்ல, ஏற்றிய விதம்.

விலை இறங்கும்போது மட்டும் உலகச் சந்தை நமக்கு நன்மை செய்ததா என்றால் அதுவும் இல்லை. 2007இல் கூட்டுத்தாபனம் வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டது: ஏறினால் ஓரளவு காப்பு, இறங்கினால் வங்கிக்குக் கட்ட வேண்டும். 2008 யூலையில் 147 டொலரைத் தொட்ட பீப்பாய் ஆண்டு முடிவில் 40 அளவுக்கு விழுந்தது. உலகமே மூச்சு விட்ட அந்த வீழ்ச்சியில் நமக்கு நட்டம். 2011இல் லண்டன் நீதிமன்றம் ஒரு வங்கிக்கு மட்டும் கொடுக்கச் சொன்னது 16 கோடி டொலர் அளவு.

ஆக, தீர்ப்பு. உலகச் சந்தை நிரபராதி அல்ல. 1973இல் அதன் கை தெரிகிறது, 2022இன் முதற்பாதியிலும் தெரிகிறது. ஆனால் முதலாம் எதிரி அது அல்ல. குடாநாட்டுப் போத்தலின் விலையை அதிகம் உயர்த்தியவை மூடிய பாதையும் சரிந்த ரூபாயும் ஒளித்த செலவும். பாக்கு நீரிணையிலும் மன்னாரிலும் எண்ணெய் இருக்கிறது, எடுத்தால் விடிவு என்பவர்களுக்கும் இதே தீர்ப்புத்தான் பொருந்தும். 1970களில் பேசாலையில் சோவியத் உதவியோடு தோண்டிப் பார்த்தார்கள். 2011இல் மன்னார்ப் படுகையில் கெய்ர்ன் நிறுவனம் எரிவாயு கண்டு, சில ஆண்டில் விட்டுப் போனது. நாளைக்கே எண்ணெய் பொங்கினாலும் அது உலக விலைக்கே விற்கும், வாய்க்கால் இப்போது இருக்கும் கைகளிலேயே இருக்கும்.

விலைப்பட்டியலில் வராத ஒன்று மிச்சம் இருக்கிறது. பீப்பாயின் அடியில் தங்கும் கறுத்த, தடித்த எண்ணெய் கொதிகலனுக்கும் மின்னிலையத்துக்கும் போகும். போரில் மின்வலைப்பின்னல் அறுந்து கிடந்த குடாநாட்டுக்குச் சுன்னாகத்தில் எண்ணெயில் மின் எடுத்தார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. ஆறில்லாத ஊர், சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாகத் தண்ணீர் எப்படி ஓடுமோ அப்படியே எண்ணெயும் ஓடும். இது பழைய கழிவு, போர்க்காலத்தில் ஊற்றுண்டது என்ற வாதமும் வந்தது. வல்லுநர் அறிக்கைகள் ஒன்றையொன்று மறுத்தன. அரசியல்வாதிகள் தமக்கு வாய்த்த அறிக்கையைத் தூக்கிக்கொண்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி, அந்த மின்னிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபாய். அன்றைய நாணய மாற்றில், அன்றைய பிரென்ட் விலையில், அது மூன்று பீப்பாய்க்குச் சற்று மேல்.