மேலங்கியின் ஆணை

"மனிதன் பிறவியிலேயே அடிமை, ஆணையிட்டால் ஆடுவான்" என்று வாதிடுவோர் சிலர், அதற்குச் சான்றாக அறிவியல் நூல் ஒன்றையே எடுத்து நீட்டுகின்றனர். நீட்டுவோரில் பலர் அதனை முழுவதும் படித்தாரில்லை! அமெரிக்க உளநூல் அறிஞர் ஸ்டான்லி மில்கிராம் 1974இல் வெளியிட்ட 'அதிகாரத்திற்கு அடிபணிதல்' என்பதே அந்நூல்.

1961இல் யேல் பல்கலைக் கழகத்தில் தொடங்கியது சோதனை. நினைவாற்றல் பற்றிய ஆய்வு என்று விளம்பரம் செய்தனர். கூலி நான்கு டாலர். வந்தவர் 'ஆசிரியர்' ஆக்கப்பட்டார். அடுத்த அறையில் 'மாணவர்'. அவர் தவறுந்தோறும் மின்னதிர்ச்சி தரவேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை முப்பது விசைகள். உண்மையில் மின்சாரம் பாயவில்லை, மாணவரின் வேதனையும் நடிப்பே. வந்தவரோ அதை அறியார். வியர்த்து, நடுங்கி, "போதும்" என்றவரிடம் சாம்பல் நிற மேலங்கி அணிந்த ஒருவர், "தொடருங்கள், சோதனைக்கு இது தேவை" என்றார். அவ்வளவே! வாளில்லை, சிறையில்லை. வந்ததற்கே கூலி உண்டு என்பதால் அதை இழக்கும் அச்சமும் இல்லை. எனினும் 1963இல் வெளியான முதற்கட்டுரையின்படி, 40 பேரில் 26 பேர் கடைசி விசைவரை சென்றனர்.

அந்த மேலங்கிக்காரர் யார்? பேரறிஞரா? அல்லர். 31 வயதுள்ள பள்ளி உயிரியல் ஆசிரியர், என் போன்ற ஒருவர்! ஆணையிட்டது அவருடைய அறிவன்று. அங்கியும், அறையும், பல்கலைக் கழகத்தின் பெயருமே ஆணையிட்டன. காவியைக் கண்டு கைகூப்புவோரை எள்ளி நகைக்கும் நாம், ஆய்வுக்கூட அங்கியின் முன் கைகட்டாதிருக்கிறோமா?

26 என்ற எண்ணோடு நூலை மூடுவோர் இழப்பது பெரிது. மற்றொரு சோதனையில், உடன் அமர்த்தப்பட்ட இருவர் 150 வோல்ட்டிலும் 210 வோல்ட்டிலும் மறுத்து விலகுவது போல் ஏற்பாடு. அப்போது இறுதிவரை சென்றோர் நாற்பதில் நால்வரே! ஆணையிடுவோர் இருவராகித் தம்முள் முரண்பட்டபோது ஒருவரும் இறுதிவரை செல்லவில்லை. இவற்றுள் எதனைப் 'பிறவிக் குணம்' என்பது?

மில்கிராம் தரும் விளக்கம்தான் நூலின் வலுவற்ற பகுதி. அதிகாரத்தின் முன் மனிதன் தன்னைப் பிறர் விருப்பத்தின் கருவியாகக் கருதும் நிலைக்கு மாறிவிடுகிறான் என்கிறார். கருவிக்கு வியர்க்குமா? கருவி வாதாடுமா? 26 பேரை ஒருவாறு விளக்கும் இக்கொள்கை, மறுத்த 14 பேரை விளக்கத் திணறுகிறது. 2009இல் ஜெர்ரி பர்கர் வெளியிட்ட மறு சோதனையில் 150 வோல்ட்டோடு நிறுத்திக்கொண்டனர். அங்கே, "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆகவேண்டும்" என்ற கடுமொழியைக் கேட்டபின் ஒருவரும் தொடரவில்லை. வெறும் ஆணை மறுக்கப்பட்டது. 'அறிவியலுக்குத் தேவை' என்ற மென்மொழியே மக்களை ஈர்த்திருக்கிறது. கொடுமையை நற்பணி என்று நம்பவைப்பது, மிரட்டிப் பணியவைப்பதினும் எளிது போலும்!

அறநெறிக் கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. வந்தவரிடம் சொன்ன நோக்கம் பொய். பொய்யைக் கேட்டுத் தந்த ஒப்புதல் ஒப்புதலாகுமா? விலக விரும்பியவரை விலகவிடாது தூண்டியது முறையா? டயானா பாம்ரிண்ட் 1964இலேயே இக்கண்டனத்தை எழுப்பினார். கலந்துகொண்டோரில் 84 விழுக்காட்டினர் மகிழ்ச்சி தெரிவித்தனர் என்று விடையிறுத்தார் மில்கிராம். பின்னர் வந்த மகிழ்ச்சி முன்னர்க் கேளாத ஒப்புதலுக்கு ஈடாகாது. அடிபணிதலை ஆராய்ந்தவர், தம் ஆய்வுக்குப் பிறரது அடிபணிதலையே முதலாக்கினார் என்ற குற்றச்சாட்டை அந்த விழுக்காடு துடைத்துவிடவில்லை.

அதிர்ச்சி பொய் என்ற உண்மையேனும் உடனே சொல்லப்பட்டதா? பலர் அதை அறியாமலே வீடு திரும்பினர் என்று, யேல் ஆவணங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஆராய்ந்த ஜீனா பெர்ரி 2012இல் எழுதிய நூலில் காட்டினார். மில்கிராமின் நூலில் எண்களாக நிற்போர், பெர்ரியின் நூலில் வாய்திறந்து பேசுகின்றனர். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கவேண்டும் தோழர்கள்.