ஒரே சைகை, இரண்டு தீர்ப்புகள்

2023 மார்ச் இறுதியில், அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துத் தொடரின் காலிறுதி ஆட்டமொன்றில் அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் தன் முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை விரித்து ஆட்டிக் காட்டினார். 'உன்னால் என்னைப் பார்க்கக்கூட முடியாது' என்று எதிராளியைச் சீண்டும் சைகை அது. மல்யுத்த மேடையில் அதைப் பிரபலமாக்கிய ஜான் சீனாவே கிளார்க்கைப் பாராட்டிப் பதிவிட்டார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 2 அன்று டல்லஸில் நடந்த இறுதி ஆட்டத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 102-85 என்ற கணக்கில் அயோவாவை வென்றது. கடைசி நொடிகளில் வெற்றி அணியின் ஏஞ்சல் ரீஸ் கிளார்க்கின் பக்கம் சென்று அதே சைகையைச் செய்தார். சாம்பியன் மோதிரம் ஏறப்போகும் விரலையும் சுட்டிக் காட்டினார். கிளார்க் செய்தபோது துணிச்சல் எனப்பட்டது, ரீஸ் செய்ததும் பண்பின்மை ஆகிவிட்டது. கிளார்க் வெள்ளையர், ரீஸ் கறுப்பினப் பெண்.

இந்தத் தீர்ப்பைக் கிளார்க் ஏற்கவில்லை. ரீஸை விமர்சிக்கத் தேவையில்லை என்று தொலைக்காட்சிப் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார். ஆனாலும் ஒப்பீடு நிற்கவில்லை. வென்ற அணியை மட்டும் வெள்ளை மாளிகைக்கு அழைப்பதுதான் வழக்கம். அன்றைய அதிபரின் மனைவி ஜில் பைடன், தோற்ற அயோவாவையும் அழைக்கலாமே என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இருக்கட்டும்; வெற்றியாளரின் இருக்கையில் பாதியை வெட்டிக் கொடுக்கும் யோசனை இந்த ஆண்டு மட்டும் ஏன் வந்தது?

2024 ஏப்ரலில் இருவரும் ஒரே நாளில் தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏவுக்குத் தேர்வானார்கள். கிளார்க்கை முதல் ஆளாக இந்தியானா ஃபீவர் எடுத்தது, ரீஸை ஏழாவதாகச் சிகாகோ ஸ்கை எடுத்தது. அதற்குப் பிறகு எழுதப்பட்ட ஒப்பீடுகளில் பெரும்பாலானவை ஆட்டத்தைப் பற்றியவை அல்ல. ஒருத்தி அடக்கமானவள், இன்னொருத்தி வாயாடி. ஒருத்தி ஆட்டத்துக்காகவே வந்தவள், இன்னொருத்தி இமைக்கும் நகத்துக்கும் நேரம் ஒதுக்குகிறவள். கூடைப்பந்துச் சீருடையில் இருக்கும் இரண்டு பெண்களுக்குக் கல்யாணச் சந்தையின் அளவுகோலை எடுத்து நீட்டுகிறார்கள்.

ஆட்டத்தையே ஒப்பிட்டுப் பார்ப்போம். கிளார்க் பாயிண்ட் கார்ட். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துவது அவர் வேலை. ரீஸ் ஃபார்வர்ட். அவருடைய இடம் கூடையின் அடியில். பெரும்பாலும் இவர்கள் ஒருவரை ஒருவர் தடுத்து ஆடுவதுகூட இல்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கும் வெகு தொலைவிலிருந்து கிளார்க் எறிவார் என்பதால் எதிரணி மைதானத்தின் நடுவரை வந்து அவரை மறிக்க வேண்டியிருக்கிறது. அப்படி வந்ததும் பின்னால் திறக்கும் வெளியில் அவருடைய பாஸ் போய் விழுகிறது. 2024இல் ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட், பருவம் முழுவதிலும் 337. அன்று இரண்டும் லீக் சாதனைகளாக இருந்தன. அந்தப் பருவத்தில் பந்தை அதிகம் பறிகொடுத்தவரும் அவரேதான். யாரும் துணியாத பாஸைத் துணிகிறவருக்கு அந்த நஷ்டமும் உண்டு.

ரீஸின் திறமை தவறிய பந்துகளில் இருக்கிறது. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து எந்தப் பக்கம் சாயும் என்று கணித்து, தன்னைவிட உயரமானவர்களுக்கு முன்னால் இடம் பிடித்து, ஒரு முறை கைநழுவினாலும் மறுபடி எம்பி எடுக்கிறார். முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 13.1 ரீபவுண்ட், அதுவரை லீகில் யாரும் எட்டாத அளவு. அவருடைய எறிதல்களில் 40 விழுக்காடுகூட உள்ளே போகவில்லை என்பதும் உண்மை. தான் தவறவிட்டதைத் தானே எடுத்து எண்ணிக்கையை ஏற்றிக்கொள்கிறார் என்று கேலி செய்தார்கள். 'மீபவுண்ட்ஸ்' என்ற அந்தக் கேலிச் சொல்லையே வணிக முத்திரையாகப் பதிய அவர் விண்ணப்பித்தார்.

அந்த ஆண்டின் சிறந்த புதுமுக விருதில் 67 வாக்குகளில் 66 கிளார்க்குக்குக் கிடைத்தன. என் கணிப்பிலும் அது சரியான முடிவுதான். இதைச் சொல்ல ரீஸின் குணத்தை இழுக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். நடுமைதானத்திலிருந்து எறிந்துவிட்டுக் கூட்டத்தைக் கிளப்புகிறவர், நடுவரோடு வாதாடி டெக்னிகல் ஃபவுல் வாங்குகிறவர் 'அடக்கமான' கிளார்க். முழங்கை இடிபட்டுக் கூடைக்கு அடியில் மீண்டும் மீண்டும் எம்புகிற, பகட்டில்லாத வேலையைச் செய்கிறவர் 'பகட்டுக்காரி' ரீஸ். களத்தில் பார்த்ததை வைத்து எழுதியிருந்தால் அடைமொழிகள் இடம் மாறியிருக்கும்.

இந்தப் பகைக்கதையால் லாபம் யாருக்கு? 2024 ஏப்ரலில் அயோவாவும் லூசியானாவும் மீண்டும் மோதியபோது சராசரியாக 1 கோடியே 23 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் டபிள்யூஎன்பிஏவுக்கு 11 ஆண்டுகளுக்கு 220 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் அமைந்தது. கிளார்க்கின் முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். ரீஸுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. செப்டம்பரில் லீகின் ஆணையர் கேத்தி எங்கல்பர்ட்டிடம், இருவரின் பெயரால் இணையத்தில் ஓடும் இனவெறி வசைகளைப் பற்றி ஒரு பேட்டியில் கேட்டார்கள். மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் காலத்து உதாரணத்தைச் சொல்லி, விளையாட்டுக்குப் போட்டி தேவை என்கிற பாணியில் அவர் பதில் சொன்னார். வீராங்கனைகளின் சங்கம் கண்டித்த பிறகே வெறுப்புக்கு இடமில்லை என்று திருத்திக்கொண்டார். வசையை வாங்குகிறவர் ஒருவர், வசூலை எண்ணுகிறவர் இன்னொருவர்.

கிளார்க்கும் இதில் தப்பவில்லை. வெள்ளையர் என்பதால் தனக்குச் சலுகை இருக்கிறது, இந்த லீக் கறுப்பின வீராங்கனைகளால் வளர்ந்தது என்று 2024 இறுதியில் அவர் சொன்னதும், அதுவரை அவரைக் கொண்டாடியவர்களில் ஒரு சாராரே அவர்மீது பாய்ந்தார்கள். நல்ல பெண் என்ற பட்டம் வாயைத் திறக்கும் வரைக்கும்தான்.

பெண்ணியர்களாகிய நாம் இந்த இடத்தில் உடனே சொல்லும் ஒரு தீர்வு உண்டு: பெண்களை மோதவிடாதீர்கள், அவர்கள் சகோதரிகள். இந்தத் தீர்விலும் எனக்கு உடன்பாடில்லை. ஆண்கள் மோதினால் அது வீரம், வரலாறு. பெண்கள் மோதினால் நம் மொழியில் தயாராக இருக்கும் சொற்கள் குழாயடிச் சண்டையும் சக்களத்திச் சண்டையும்தான். இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் தோற்கடிக்க விரும்பலாம், அந்த விருப்பத்தில் எந்த அசிங்கமும் இல்லை என்பதற்கு ஒரு சொல்கூட நம்மிடம் இல்லை. சகோதரித்துவத்தை நிபந்தனையாக்கினால், வெல்லத் துடிக்கும் பெண்ணை மறுபடியும் குற்றவாளியாக்குகிறோம்.

2024 ஜூலையில் ஃபீனிக்ஸில் நடந்த ஆல்ஸ்டார் ஆட்டத்தில் இருவரும் ஒரே அணியில் ஆடி, ஒலிம்பிக்குக்குப் புறப்படவிருந்த அமெரிக்க அணியை 117-109 என்று வென்றார்கள். அன்று கிளார்க்குக்கு 10 அசிஸ்ட், ரீஸுக்கு 11 ரீபவுண்ட். அதற்காக அவர்கள் தோழிகளாக வேண்டியிருக்கவில்லை. இனியும் அவர்கள் எதிரெதிரே நின்று, சீண்டி, முறைத்து ஆடட்டும். அதைப் பார்க்கும் நாம் முதலில் ஸ்கோரைக் கேட்போம்.