அடிக்கட்டை நீங்கலாக

கட்டுமாவடி மீன் சந்தைக்குப் போகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். எனக்கு மீனுக்குக் கீழே கிடக்கிற கட்டைமேல்தான் கண். புளியமரத்தைக் குறுக்கே அறுத்தெடுத்த வட்டக் கட்டை அது. புளிக்கு நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். எத்தனை வெட்டு வாங்கினாலும் சிலாம்பு சிலாம்பாகப் பெயராது. மேல்முகமும் கீழ்முகமும் சமமாக அமைந்துவிட்டால் கத்தி இறங்கும்போது கட்டை அசையாது. ஒரு பக்கம் அரை விரல் கூடிவிட்டாலும் போச்சு, ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டை தாளம் போடும். அசையாத கட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு, இதை அறுத்தது யார் என்று விசாரித்துக்கொண்டு போனதில்தான் எனக்கு இந்தத் தொழிலோடு பழக்கம் ஏற்பட்டது.

தொழிலுக்குப் பெயர் மரவெட்டு. செய்கிறவரை ஊரில் காண்ட்ராக்டர் என்பார்கள். ஒரு செயின் வாள், இரண்டு கோடாலி, வெட்டரிவாள், கடப்பாறை, சம்மட்டி, நாலு இரும்பு ஆப்பு, ஒரு வடம், கூடவே ஐந்தாறு ஆள். டிராக்டர் அநேகமாக வாடகைக்கு. காடு என்று சொல்லிக்கொள்ள இந்தக் கரையோரத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. மாவட்டத்தின் தைலமரக் காடுகள் உள்ளே தள்ளி இருக்கின்றன. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் கூப்புகள், பெரிய ஏலம், பெரிய லாரி, காகித ஆலை எல்லாம் அந்தப் பக்கம். கட்டுமாவடிக்காரருக்கு வாய்த்த காடு வேறு. கொல்லைத் தென்னை, வரப்பில் நிற்கும் பனை, கண்மாய்க் கரைக் கருவேலம், சுவரைத் தள்ளிக்கொண்டு வளர்ந்த வேம்பு, மிச்ச இடமெல்லாம் சீமைக்கருவேலம். சிதறிக் கிடக்கும் இந்தக் காட்டை ஒவ்வொரு மரமாக விலை பேசி, ஒவ்வொன்றாகச் சாய்த்து விற்பதுதான் அவர் பிழைப்பு.

பாட்டை ரசிக்கலாம், தவிலை ரசிக்கலாம். மரம் விழுவதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். இந்த வேலையைச் சரியாகச் செய்துவிட்டால் பார்க்க ஒன்றுமே மிஞ்சாது. ஓடு உடைந்திருக்காது, மின்கம்பி அறுந்திருக்காது, பக்கத்து வீட்டு வாழை சாய்ந்திருக்காது. வண்டி போனபிறகு அங்கே நிற்பது அடிக்கட்டை ஒன்றுதான்.

அதுவும் ஒப்பந்தத்தின் தயவால் நிற்கிறது. இங்கிருந்து அதிக தூரமில்லாத ஆவுடையார்கோயிலைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு செய்தி உண்டு: அந்தக் காலத்துச் சிற்பிகள் கோயில் வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போது ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதி வாங்கிக்கொள்வார்களாம். அந்தக் கொடுங்கையில் கல்லை மரமாக நினைத்துக் கைமரமும் குறுக்குச் சட்டமும் ஆணித் தலையும் செதுக்கியிருக்கிறார்கள். கல்தச்சன் மரத்தச்சனுக்குச் செய்த மரியாதை என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். மரவெட்டிலும் ஒரு ‘நீங்கலாக’ இருக்கிறது. காகிதத்தில் எழுதுவதில்லை, வாய்ப்பேச்சுதான். ‘அடிக்கட்டை நீங்கலாக.’ வேரைத் தோண்டுவது வேறு வேலை, அதற்குக் கூலி வேறு. அதனால் மரம் போய் வருஷக்கணக்கானாலும் வெட்டியவரின் கையெழுத்து கொல்லையில் கிடக்கிறது. படிக்கத் தெரிந்தவருக்கு அது போதும்.

படிப்பது இப்படித்தான். மரம் விழவேண்டிய பக்கத்தில் முதலில் ஒரு வாய் திறப்பார்கள். அடிமரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு ஆழம், மிஞ்சினால் நாலில் ஒன்று. அப்புறம் எதிர்ப்பக்கம் போய், வாயின் மட்டத்துக்குச் சற்று மேலே பின்னறுப்பு. இரண்டு அறுப்பும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நடுவே குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு மரம் அறுபடாமல் நிற்க வேண்டும். அந்த நார்ப்பட்டைதான் கீல். மரம் கதவு மாதிரி அதில் மடங்கி, சொன்ன இடத்தில் படுக்கும். கீல் இல்லாமல் முழுக்க அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். கட்டையில் அந்தப் பட்டை ஒரே அகலத்தில் ஓடினால், நிமிர்ந்து நின்ற மரம், நிதானமான கை. நார் முழ நீளத்துக்குக் கிழிந்து எழும்பி நின்றால் வாய் போதவில்லை, அவசரம். ஒரு ஓரத்தில் அகன்று மறு ஓரத்தில் மெலிந்திருந்தால் அதைத் தவறென்று நினைத்துவிடக் கூடாது. மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்து நின்றிருக்கும்; அதற்கு எதிர் ஓரத்தில் நாரைக் கூட விட்டு, அது பிடித்து இழுக்க, சாய்வைத் திருத்தி வேறு பக்கம் படுக்க வைத்திருக்கிறார். சபையில் தலையாட்டுகிற இடம் என்றால் இதுதான். எனக்குத் தலை ஆடிவிடும். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தென்னையில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. வேம்புக்கும் புளிக்கும் நடுவில் வைரம். தென்னைக்கும் பனைக்கும் அது வெளிச் சுற்றில். தென்னையின் நார்க்கற்றைகள் ஓரத்தில்தான் நெருங்கிக் கிடக்கும். நடுவில் ஈரச் சோறு. கீலின் மையம் எதையும் பிடிக்காது. இரண்டு ஓரத்துக் கெட்டி நார்தான் பிடிக்க வேண்டும். அதனால் தென்னைக்கு நம்பிக்கை வடத்தின் மேல். இடம் இருந்தால் பெரியவர்கள் செய்த மாதிரி வேரைப் பறித்தும் சாய்ப்பார்கள். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. விரல் தடிமனில் ஆயிரக்கணக்கான வேர்கள்தான். ஒரு பக்கத்து வேரை அறுத்து, மறுபக்கம் இழுத்தால் மரம் அடியோடு படுக்கும். அடிப்பாகம்தான் தென்னையில் கெட்டியான பாகம். அதை மண்ணில் விட்டுவராமல் எடுப்பதில் லாபம் உண்டு.

நான் கூட இருந்து பார்த்த ஒரு தென்னை, ஓட்டு வீட்டுக்கும் மின்கம்பிக்கும் நடுவே நின்றது. வீட்டுக்கார அம்மாள் திண்ணையை விட்டு இறங்கவில்லை.

“பயப்படாதீங்க ஆத்தா. ஓட்டுக்கு ஒண்ணும் ஆகாது.”

“நீ சொல்லுவப்பா. மழையில ஒழுகுனா நீயா வந்து சட்டி பிடிப்ப?”

காண்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே மரத்தைச் சுற்றினார். சுற்றினார், சுற்றினார், அரை மணி நேரம் அதுதான் வேலை. மரத்திலிருந்து தள்ளி நின்று கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடித் தூக்கு பார்த்தார். காற்று பார்த்தார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று மீன்பிடிக்கிறவர்கள் காற்றுக்குப் பெயர் வைத்திருப்பது கடலுக்கு மட்டுமில்லை. தென்னை மட்டையும் ஒரு பாய்தான். பகல் ஏற ஏறக் கடற்காற்று எழும், அதற்குமுன் மரம் படுத்துவிட வேண்டும். ஆள் ஏறி மட்டைகளைக் கழித்தார், மரம் பாயை இறக்கிய மாதிரி ஆனது. உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் வடம் விழுந்தது. படகில் நங்கூரத்துக்கு இருந்து ஓய்வுபெற்ற வடம். முடிச்சும் படகுக்காரர் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும், தளர்த்தினால் ஒரே உதறலில் கழன்று வரும். இழுக்கிறவர்கள் மரத்தின் உயரத்தைவிட அதிக தூரத்தில், விழும் கோட்டை விட்டு விலகி நின்றார்கள். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லியாயிற்று. வாய் திறந்தார். பின்னறுப்பில் வாள் பாதி போனதும் ஆப்பு ஒன்றை அடித்தார். மரம் முனகியது. ‘இழு’ என்று அவர் கத்தவில்லை, கையைத்தான் காட்டினார். வாழைக்கும் துவைகல்லுக்கும் நடுவே, கோடு கிழித்த மாதிரி வந்து படுத்தது. தரை அதிர்ந்தது. ஆத்தா ஓடுகளை எண்ணிவிட்டு, காப்பி போட உள்ளே போனார். கொண்டையைப் பிளந்து எடுத்த குருத்தைத் தெருப் பிள்ளைகள் பங்கு போட்டதில் எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அந்த இனிப்புக்காகவே ஒரு தென்னையை வெட்டலாம் என்று நினைக்கிற பாவம் ஒரு கணம் வந்து போனது.

செயின் வாளைப் பற்றிச் சொல்லாமல் போனால் அவர் கோபித்துக்கொள்வார். இரட்டை வீச்சு எஞ்சின். ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். சங்கிலி வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடும். அலகு நுனியின் மேல்முனை மரத்தில் பட்டால் வாள் ஆளை நோக்கி எகிறும். லுங்கியும் ஹவாய் செருப்புமாக அதைப் பிடித்து நிற்கிறவர்களைப் பார்த்தால் ரசனையெல்லாம் ஓடிவிடுகிறது, வயிற்றைக் கலக்குகிறது. இந்தச் சங்கிலிப் பல்லுக்கு ஒரு கதை உண்டு. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்ற மரவெட்டுக்காரர் ஒரு வண்டுப் புழு மரத்தைத் தின்பதைப் பார்த்தார். நாரோடு போகிறதோ, குறுக்கே போகிறதோ, தாடையை இடமும் வலமும் மாற்றி மாற்றிக் கடித்து சுலபமாக நுழைகிறது. அந்தத் தாடையைத்தான் அவர் இரும்பில் செய்தார். இன்றைய சங்கிலிகளில் பல் இடம் ஒன்று, வலம் ஒன்றாக மாறி மாறி வருவது அதனால். தென்னையில் காண்டாமிருக வண்டோடு மல்லுக்கட்டுகிற நம் ஊரில் இதைச் சொன்னபோது காண்ட்ராக்டர், “வண்டுகிட்ட இருந்தா படிச்சான்? அப்ப சரியான ஆளுதான்” என்றார்.

பல்லுக்கு எதிரி மணல். கடலோர மரத்தின் பட்டைக்குள் காற்று மணலை அப்பி வைத்திருக்கும். அடியை வாரியலால் பெருக்கி, பட்டையை அரிவாளால் சீவிவிட்டுத்தான் வாளை வைப்பார். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் உருண்டை அரம் வெளியே வரும். பல்லுக்கு மூன்று இழுப்பு, ஒரே சாய்வில், எண்ணிக்கை பிசகாமல். கூராக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பதில்லை. கீழே விழுவதைப் பார்க்கிறார். செதில் செதிலாக விழுந்தால் வாள் அறுக்கிறது. மாவாக விழுந்தால் தேய்க்கிறது.

இனி விலை. பலகைக்குப் போகிற மரத்துக்குக் கன அடிக் கணக்கு. மரத்தின் சுற்றளவைக் கயிற்றால் எடுத்து, கயிற்றை நாலாக மடித்து, அந்த மடிப்பின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்குவார்கள். நாலடிச் சுற்றும் பத்தடி நீளமும் உள்ள கட்டை இந்தக் கணக்கில் 10 கன அடி. உண்மையில் அந்த உருளையில் 12.7 கன அடிக்கு மேல் இருக்கிறது. அறுக்கும்போது ஓரச் சிம்புகள் கழிவதற்கான தள்ளுபடி என்று வியாபாரிகள் சொல்வார்கள். 1736இல் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் அட்டவணை போட்டு வெளியிட்ட முறை இது. ஆங்கிலேயர் போய்விட்டார்கள், கயிற்று மடிப்பு மரவாடிகளில் நிற்கிறது. விற்கிறவருக்கு நூற்றுக்கு இருபத்தொன்றுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மரத்தை விற்கும் விவசாயிக்கு இதை யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது. காண்ட்ராக்டரிடம் சொன்னேன். “மடிக்கத் தெரிஞ்சவன்கிட்ட நான் எப்படி வாங்குறது?” என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

பனை என்று கேட்டு வந்தால் மட்டும் கறாராகப் பேசுவார். தமிழ்நாடு அரசு 2021இல் வெளியிட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்ததிலிருந்து, ‘பேப்பர் இருக்கா?’ என்பதுதான் முதல் வார்த்தை. சீமைக்கருவேலத்தில் ரசிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. 1877வாக்கில் ஜமைக்கா விதையாக வந்து இறங்கியது. கவைக் கம்பால் ஒதுக்கி அரிவாளால் அடிக்க வேண்டும், டயரையும் காலையும் குத்தும், அடிக்கட்டை நீங்கலாக வெட்டினால் அடுத்த மழைக்குக் கட்டையே காடாகிவிடும். வருஷம் முழுக்கச் சோறு போடுவதும் அதுதான் என்பார் அவர்.

அவர் வாயே திறக்காத ஒரு வேலை இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் வந்து போனது. மறுநாளிலிருந்து மாதக் கணக்கில் விழுந்த தென்னைகளை அறுத்தார். அரசு ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. விழுந்த மரம் நிற்கிற மரத்தைவிட ஆபத்தானது. ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும்போது எது வில்லாக வளைந்து கிடக்கிறது என்று வெளியே தெரியாது. அமுங்கிய பக்கத்தில் கொஞ்சம் அறுத்து, அப்புறம்தான் இழுபட்ட பக்கத்தைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் மரம் ஆளை அடிக்கும். பெயர்ந்த வேர்ப்பந்து, தண்டை அறுத்ததும் திரும்ப எழுந்து பள்ளத்தில் உட்காரும். அந்தப் பள்ளத்தில் யாரும் நிற்கவில்லையே என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாராம். இவ்வளவும் அவருடைய ஆட்கள் சொன்னது. அவரிடம் கேட்டபோது அரத்தை எடுத்துப் பல் தீட்ட ஆரம்பித்துவிட்டார். அந்தத் தோப்புகளின் அடிக்கட்டைகளில் கீலே கிடையாது, படிக்க.

போன மாதம் சந்தையில் மீன் அரியும் ஒரு அக்கா, பழைய கட்டை நடுவில் குழி விழுந்துவிட்டது என்று புதுசு கேட்டார். புளியந்துண்டு ஒன்றை டிராக்டரிலிருந்து உருட்டி இறக்கினார் காண்ட்ராக்டர். வாளைக் கிளப்பி, மூச்சுப் பிடித்து, ஒரே இறக்கம். விழுந்த வட்டத்தைச் சிமெண்ட் தரையில் போட்டு அக்கா மேலே கையை ஊன்றி அமுக்கினார். நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்தார்.

“எவ்வளவுப்பா?”

சொன்னார்.

“கட்டைக்கா இவ்வளவு?”

“கட்டை சும்மாதான்க்கா. ஆடாததுக்குத்தான் காசு.”

அக்கா பேரம் பேசினார். பாதிப் பணமும் மீதிக்கு ஒரு கூறு நண்டும் என்று முடிந்தது.